அடுப்பில் போன துண்டு

போன மாதம் நான் வேலை பார்த்த லேபிலிருந்து போன் வந்தது. பேசியது நித்யா, இப்போது அங்கே டெக்னீஷியனாக இருக்கிற பெண். நான் ஓய்வு பெற்றபோது அவள் பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு போயிருப்பாள்.

"சார், மரப்பீரோல இருக்கற பழைய மெழுகு பிளாக்கெல்லாம் எடுக்கறோம். மெலனோமா கேஸ் எல்லாத்தையும் தனியாப் பிரிச்சு, புது மார்க்கர் போட்டுப் பாக்கப் போறாங்க. நீங்க எப்படி அடுக்கி வெச்சிருக்கீங்கன்னு இங்க ஒருத்தருக்கும் பிடிபடல."

"அடுக்கி வெச்சவன் இன்னும் உயிரோடதான் இருக்கான். வந்து காட்டறேன்" என்றேன்.

சிரித்தாள். பிறகு, "மார்க்கர்னா என்னன்னா சார்..." என்று எனக்கு விளக்க ஆரம்பித்தாள். எனக்குச் சுருக்கென்றது. வயசானவன் என்றால் எல்லாவற்றையும் 'அ'விலிருந்து சொல்ல வேண்டும் போலிருக்கிறது. இந்தக் கட்டி என்ன வேகத்தில் போகும், எந்த மருந்துக்கு மடங்கும், எதற்கும் மடங்காமல் ஆளைக் கொண்டுபோகுமா என்பதை முன்கூட்டிச் சொல்லும் அடையாளம். அதுதானே மார்க்கர்? எழுபதுகளிலும் எங்களிடம் அப்படி ஒன்று இருந்தது அம்மா. உங்களுடையதுபோல மரபணுவுக்குள் போய்த் தேடுவதில்லை. கண்ணால் பார்த்து, அளவுகோலால் அளப்பது. மெலனோமா என்கிற கறுப்புத் தோல் புற்று தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் எங்கள் மார்க்கர்.

"அதைப் பத்தி எழுதிக் குடுங்க சார், எங்க பசங்களுக்கு உதவும்" என்றாள். எழுதுகிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறாள். அவளுடைய பிளாக்கும் அந்தப் பீரோவில்தான் இருக்கிறது.

நான் பழவேற்காட்டுக்காரன். பெயர் பஷீர். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் வியாபாரம். எனக்குப் பேரம் பேச வராது. பத்து ரூபாய் என்றால் பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். "இவன் கடையில உக்காந்தா கடையையே குடுத்துட்டு வந்துடுவான்" என்று வாப்பா என்னை லேப் படிப்புக்கு அனுப்பினார். பயிற்சியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. பாட்டில் கழுவினேன், திட்டு வாங்கினேன், கத்தி தீட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வாரக் கடைசியில் ரயிலில் பொன்னேரி வந்து, பஸ் பிடித்து ஊருக்கு வருவேன். என் சட்டையில் ஃபார்மலின் நாற்றம் அடிக்கிறது என்று என் மனைவி அதை வாசல் கொடியிலேயே கழற்றிப் போடச் சொல்வாள். ஊரில் சிலர், "பாய், அந்த நோயி ஒட்டிக்குமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தள்ளி உட்காருவார்கள்.

வேலை இதுதான். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து சதைத் துண்டு வரும். ஃபார்மலினில் ஊறவைப்போம். அப்புறம் ஆல்கஹால், சைலீன், உருகின மெழுகு என்று ஒவ்வொன்றாக மாற்றினால் துண்டுக்குள் இருக்கிற தண்ணீரெல்லாம் போய் மெழுகு நிறையும். அதைப் பிளாக்காக வார்ப்போம். தோல் துண்டு என்றால் இங்கேதான் கவனம் வேண்டும். படுக்கவைத்து வார்த்தால் போச்சு. ரொட்டித் துண்டை விளிம்பில் நிறுத்துவதுபோல நிமிர்த்தி நிறுத்த வேண்டும், மேல் தோல் ஒரு பக்கம், உள்சதை மறுபக்கம் தெரியும்படி. கொஞ்சம் சாய்ந்தாலும் வெட்டு சாய்வாகப் போகும், ஆழம் பொய்யாகக் கூடித் தெரியும். அதற்குப் பிறகு மைக்ரோடோம் என்கிற வெட்டும் இயந்திரத்தில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் வெங்காயத் தோலைவிட மெல்லிசாக மெழுகு நாடா வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் போனதும் கண்ணாடிச் சில்லில் ஏந்துவேன். சாயம் ஏற்றினால் ஊதாவும் ரோஸும். மெலனோமா என்றால் நாம் சாயம் ஏற்றாத ஒரு நிறமும் அதில் இருக்கும். பழுப்பும் கறுப்புமாக, அதுவே கொண்டுவந்த நிறம்.

இனி எங்கள் டாக்டரம்மா. நோய்க்குறியியல் பிரிவுக்குத் தலைவி. மெலிந்த உடம்பு, வெளிர்நிறக் காட்டன் புடவை, காதில் சின்னத் தோடு. மைக்ராஸ்கோப்பில் கண் வைப்பதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியை முந்தானையால் துடைத்து, மடித்து, ஓரமாக வைப்பார். ஸ்லைடோடு வரும் சீட்டில் நோயாளியின் வரலாறு இருக்கும். அதை முதலில் படிக்கவே மாட்டார்.

"சீட்டைக் கவிழ்த்து வை, பஷீர். முதல்ல நான் பாத்துடறேன். அவங்க கதையை அப்புறம் கேக்கறேன்."

கதையை முதலில் கேட்டால் கண் அதற்குத் தகுந்த மாதிரி பார்க்கும் என்பார். பார்த்ததை மட்டும் சொல்வார். சர்ஜன் மாடிப்படி ஏறி வந்து, "மேடம், இது திரும்ப வருமா, வராதா? ஒரே வார்த்தை" என்று கேட்பார். "சொல்ல முடியாது" என்பார் டாக்டரம்மா. அவ்வளவுதான். முகத்தில் ஒரு சலனம் இருக்காது. இந்த இரண்டு வார்த்தைக்கு அந்த ஆஸ்பத்திரியில் பயப்படாத ஆள் இல்லை. கான்டீனில் சாம்பார் நன்றாயிருக்கிறதா என்று கேட்டால்கூட "சொல்ல முடியாது மேடம்" என்று நாங்கள் அவர் காதில் விழாதபடி கிண்டல் செய்வோம்.

ஆழத்தை அளக்கிற முறை வெளிநாட்டிலிருந்து பத்திரிகை வழியாகத்தான் எங்களுக்கு வந்தது. மைக்ராஸ்கோப்பின் கண்வில்லைக்குள் கோடு போட்ட ஒரு சின்னக் கண்ணாடி வட்டைப் போடுவது. மேல்தோலில் ஓர் அடுக்கில் ஆரம்பித்து, கட்டியின் கடைசிச் செல் எங்கே நிற்கிறதோ அதுவரை அளப்பது. ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே என்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள், சின்ன ஆபரேஷன் போதும். நாலைத் தாண்டினால் கஷ்டம். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு எளிமையா இருக்க முடியுமா?" என்று சந்தேகப்பட்டார். பழைய கேஸ்களையெல்லாம் எடுத்து அளந்து பார்த்தார். பிறகு அந்த வட்டை அவர் கண்வில்லையிலிருந்து கழற்றவே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் கன்னியம்மா என்னை பஸ் ஸ்டாண்டில் மறித்தாள்.

அவள் ஏரிக்கரைக் குடிசைக்காரி. கையால் இறால், எங்கள் பேச்சில் எறா, பிடிக்கிறவள். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் இறங்கி, பனையோலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். பார்க்கிறவர்களுக்குக் கைதான் வேலை செய்கிற மாதிரி தெரியும். உண்மையில் எறா எங்கே பதுங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது கால். உள்ளங்காலில் ஒரு துள்ளல் பட்டதும் குனிந்து அள்ளிப் பறியில் போடுவார்கள். கன்னியம்மா இறங்கினால் பறி நிறையாமல் கரை ஏற மாட்டாள் என்று எங்கள் பக்கத்தில் பேச்சு. நல்ல கறுப்பு, நல்ல உயரம், சிரித்தால் பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஆஸ்பத்திரி பாய்! கொஞ்சம் நில்லேன்."

"இன்னாம்மா?"

"கால்ல கெளுத்தி முள்ளு குத்திக்கினு ஆறவே மாட்டேங்குது. எதுனா மருந்து எடுத்தாந்து குடேன்."

"நான் டாக்டர் இல்லம்மா."

"அத்தினி டாக்டருங்களோட குந்திக்கினு கீற, இது கூடவா தெரியாது?"

துணியைப் பிரித்துக் காட்டினாள். குதிகாலுக்கு முன்னால், உள்ளங்காலில், ஒரு புண். நடுவில் சிவந்து கிடந்தது. அதைச் சுற்றி ஓரத்தில் மை கொட்டி ஊறின மாதிரி ஒரு கறுப்பு. வலிக்கிறதா என்றேன். வலிக்கவில்லை என்றாள். முள் குத்தின புண் வலிக்கும். கெளுத்தி முள் குத்தினால் ஆள் ராத்திரியெல்லாம் அலறும்.

"வர்ற திங்கக்கிழமை என்கூட மெட்ராஸ் வா" என்றேன். என் முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாளோ, கிண்டலை விட்டுவிட்டாள். திங்கட்கிழமை அவளும் அவள் புருஷன் ஏழுமலையும் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள். ஏழுமலை அதிகம் பேசாத ஆள். ரயிலில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். சுற்றி இருந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை.

சர்ஜன் புண்ணை ஓரத்துக் கறுப்போடு சேர்த்து எடுத்து அனுப்பினார். அந்தத் துண்டை நான்தான் நிமிர்த்தி வார்த்தேன், நான்தான் வெட்டினேன். டாக்டரம்மா பார்த்தார். மெலனோமாதான். கண்வில்லையின் கோட்டைப் பொருத்தி, வாய்க்குள் ஓர் அளவை முணுமுணுத்தார். ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. பக்கத்தில் நின்றிருந்த பயிற்சி டாக்டருக்கு அது காதில் விழுந்துவிட்டது. நல்ல பையன். நல்ல செய்தியைச் சீக்கிரம் சொல்ல வேண்டும் என்கிற அவசரம். வார்டுக்கு ஓடி, "நூலளவுதாம்மா இருக்கு, பயப்படாதீங்க" என்று கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டான்.

இங்கே டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பஷீர், மேல்தோல் எங்கே?"

குனிந்து பார்த்தேன். இரண்டு ஓரத்திலும் மேல்தோல் ஒழுங்காக இருந்தது. நடுவில் இல்லை. வெந்து கருகின மாதிரி ஒரு பொருக்கு, அதன் கீழே ஆறுகிற புண்ணின் சதை, அதற்கும் கீழே மிச்சக் கட்டி.

"கட்டி தானா மேல்தோலைத் தின்னு புண்ணாகியிருந்தா அது ஒண்ணு. யாராவது சீவியிருந்தா அது வேற. அப்போ நான் அளந்தது ஆழம் இல்ல, மிச்சம்" என்றார். சீட்டை நிமிர்த்திப் படித்தார். 'முள் குத்தியது. வேறு சிகிச்சை எதுவும் செய்யவில்லை' என்று இருந்தது. "இது அவங்க சொன்னது. நீ அந்த ஊர்க்காரன்தானே, கேட்டுட்டு வா."

வார்டுக்குப் போனேன். "காலை யாராவது அறுத்தீங்களா, எதுனா வெச்சீங்களா?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணல பாய்" என்று கன்னியம்மா முந்திக்கொண்டாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஏழுமலை வெகுளி. "இன்னாடி ஒண்ணும் பண்ணலன்ற? நான்தான பாய் எடுத்தேன்" என்றான், கொஞ்சம் பெருமையாகவே. "கறுப்பா மொச்சக்கொட்ட மாதிரி தூக்கிக்கினு இருந்திச்சி. முள்ளு உள்ள ஒடஞ்சி நிக்குதுனு, சவரக் கத்தியால சீவி எடுத்தேன். சுண்ணாம்பும் வெல்லமும் கொயச்சி வெச்சேன். அப்பால ஆணியக் காய்ச்சி ஒரு சூடு. எங்க ஆளுங்க எல்லாம் அப்டித்தான பண்ணுவோம்."

அப்படித்தான் செய்வார்கள். எனக்கும் தெரியும். ஏரியில் இறங்குகிறவன் காலில் முள் ஏறாமல் இருக்காது. அதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்குச் சோறு கிடையாது. புருஷன் பெண்டாட்டிக்கு எடுப்பான், அவள் அவனுக்கு எடுப்பாள். இவன் முள் என்று நினைத்து ஒரு மொச்சைக்கொட்டையைச் சீவியிருக்கிறான்.

"சீவின துண்டு எங்க?" என்றேன். எப்படியாவது காய்ந்துபோயாவது கிடைத்தால், தண்ணீர் ஏற்றி, மெழுகில் வார்த்து, மேல் பாதியையும் அளந்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

"அடுப்புல போட்டுட்டேன். கால்ல எடுத்தத ஏரில போட்டா மறுக்கா வந்து குத்தும். மண்ணுல போட்டாலும் ஆவாது. அடுப்புலதான் போடணும்."

அதுவும் தெரியும் எனக்கு. எங்கள் வீட்டிலேயே மீன் முள் குத்தினால் எடுத்து அடுப்பில்தான் போடுவார்கள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். ரிப்போர்ட்டில், மேல் பகுதி இல்லை, ஆழம் சொல்ல முடியாது, பார்த்ததைவிடக் கட்டாயம் அதிகம் என்று எழுதினார். மொச்சைக்கொட்டை அளவு என்றதும் சர்ஜனுக்குப் புரிந்துவிட்டது. பாதத்தை எடுத்துவிட வேண்டும், தொடையிடுக்கு நெறியையும், அதாவது நிணநீர்க் கணுவையும், எடுக்க வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் அதற்குமேல் அவர்களுக்கு வழி தெரியாது.

கன்னியம்மா மாட்டேன் என்றாள்.

"நூலளவுனு அந்தத் தம்பி சொன்னாரே?"

"அது மிச்சம் இருந்த அளவும்மா. மேல இருந்தது சேத்தி இல்ல."

"மேல இருந்ததுதான் எரிஞ்சி போச்சே. போனது போச்சி. மிச்சம் நூலளவு. அதையும் அறுத்து எடுத்தாச்சி. போனத எதுக்கு இப்பக் கணக்குல சேக்கற?"

நானும் அவளுக்குப் புரியவைக்கத் தலைகீழாக நின்றேன். எவ்வளவு மிச்சம் என்பது கேள்வியே இல்லை, எவ்வளவு ஆழம் போயிருந்தது என்பதை வைத்துத்தான் அது உள்ளே வேறு எங்கேயாவது விதை போட்டிருக்குமா என்று தெரியும் என்றேன். முழித்தாள். "படகு தள்ளற கழி மேல் பாதி ஒடஞ்சி போச்சின்னு வை. சேத்துல நிக்கற மிச்சத்தப் பாத்து ஏரி இவ்ளோதான் ஆழம்னு சொல்லுவியா?" என்றேன்.

அது புரிந்தது. அப்புறம் சொன்னாள்: "ஏரி எங்க பள்ளம், எங்க மேடுன்னு என் காலு சொல்லும் பாய். எனக்குக் கழி எதுக்கு? அந்தக் கால எடுத்துட்டா நான் கரையில குந்தி இன்னா பண்ணுவேன்?"

ஏழுமலை டீ வாங்கப் போயிருந்தான். அவன் போன வாசலைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னொண்ணு சொல்றேன், ஒன் வாயோட வெச்சிக்க. எம் புருசன், அது அறுத்ததாலதான் காலு போச்சினு ஆயிடும். ஒர்நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல. நான் ஒத்தக் கால்ல தாண்டித் தாண்டிப் போறத அது சாவற வரைக்கும் பாத்துகினு இருக்கணும். வேணாம் பாய். அதுக்குத் தாங்காது."

"ஒன் உசுரும்மா" என்றேன்.

"உசுரு கீது. நூலளவு" என்று சிரித்தாள்.

டாக்டரம்மா ஒருபோதும் வார்டுக்கு வராதவர். அன்று சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கட்டில் பக்கத்தில் நின்றார். "ஆபரேஷன் பண்ணிக்கிட்டா உனக்கு நல்லதும்மா" என்றார்.

"பண்ணிக்கினா கண்டிப்பா பொழச்சிக்குவேனா டாக்டரம்மா?"

எங்கள் சர்ஜனாக இருந்திருந்தால், ஆமாம் என்று அடித்துச் சொல்லியிருப்பார். அவளும் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பாள். டாக்டரம்மா சொன்னது இதுதான்.

"சொல்ல முடியாதும்மா."

"அப்ப வேணாம்" என்றாள் கன்னியம்மா.

சுற்றி இன்னும் கொஞ்சம் சதையை எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி அனுப்பினார்கள். அந்த மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்து ஏரியில் எறா நிறைந்தது. ஊருக்குப் போயிருந்தபோது அவளைக் கரையில் பார்த்தேன். பறி பாதிகூட நிறையவில்லை.

"ஒட்டின தோலுக்கு ஒணர்ச்சி இல்ல பாய்" என்றாள். "எறா மேல நிக்கறனா, சேத்து மேல நிக்கறனா, ஒண்ணும் தெரியல. காலு கீது. ஆனா வேற யாரோ காலு மாதிரி கீது."

அதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த வருஷ மழைக்கு முன்னாலேயே தொடையிடுக்கில் கட்டி வந்தது. நெறியை எடுத்து அனுப்பினார்கள். ஃபார்மலின் பாட்டிலிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்து அறுத்தேன். உள்ளே கருங்கறுப்பு. சாயமே வேண்டியதில்லை, மைக்ராஸ்கோப்பும் வேண்டியதில்லை. பக்கத்து மேஜைப் பையன் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனான். நான் உட்கார்ந்து ஸ்லைடு போட்டு முடித்தேன்.

அப்போது ஒரே ஒரு ஊசி மருந்துதான் உண்டு. பம்பாயிலிருந்து வரவழைப்பார்கள். பத்துப் பேருக்குப் போட்டால் ஒன்றிரண்டு பேருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்கும் என்று முன்னாடியே சொல்ல எந்த அடையாளமும் எங்களிடம் இல்லை. போட்ட பிறகு, கேட்கிறதா என்று பார்க்க, ரத்தத்தில் எல்.டி.எச். என்று ஒரு நொதியை அளப்போம். இறங்கினால் நல்லது. ஏறினால் கட்டி வளர்கிறது. ஒவ்வொரு தடவை ரத்தம் கொடுத்துவிட்டும் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். வாந்தி எடுத்து எடுத்து முகம் சுருங்கிப்போயிருக்கும்.

"இன்னா பாய் சொல்லுது என் ரத்தம்?"

முதல் தடவை கொஞ்சம் இறங்கியது. ஓடிப்போய்ச் சொன்னேன். ஏழுமலை அங்கேயே தரையில் விழுந்து மாடிப்படியைக் கும்பிட்டான். அடுத்த தடவை ஏறியது. அதற்கடுத்த தடவையும் ஏறியது. அப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் இறங்கி வரும்போதே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். இரண்டு மூன்று தடவை அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "வுடு பாய், நீயா ஏத்தி வுட்ட?" என்பாள்.

கடைசியில் ஊருக்கே போய்விட்டாள். வாடைக்காற்று அடிக்கிற நாளில் செத்துப்போனாள். நான் போனபோது எடுத்துவிட்டிருந்தார்கள். ஏழுமலை குடிசைக்கு வெளியே அவளுடைய பறியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

கேட்க வந்தான். பல மாதம் கழித்து, ஒரு நாள் காலையில், லேப் வாசலில் நின்றான். வெளுத்த சட்டை போட்டு, தலை சீவி, ஏதோ ஆபீசருக்கு முன்னால் நிற்கிற மாதிரி. உள்ளே கூப்பிட்டால் வரவில்லை.

"பாய், ஊர்ல ஒர்த்தன் சொல்றான், புத்துல கத்தி பட்டா பரவிடுமாம். நான் அறுத்ததாலதான் அவளுக்குப் பரவிச்சா?"

வாயோடு வைத்துக்கொள் என்று அவள் சொன்னது ஒரு பக்கம். எனக்கே பதில் தெரியாதது ஒரு பக்கம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அறுத்ததால் மட்டும் அது பரவிவிடாது என்று இப்போது சொல்கிறார்கள். அன்று அதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பெரிய பெரிய சர்ஜன்களே அந்தப் பயத்தில்தான் இருந்தார்கள்.

எனக்குப் பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. டாக்டரம்மா வாசலுக்கு வந்தார். கண்ணாடி கையிலேயே இருந்தது.

"இல்லப்பா" என்றார். "நீ அறுத்ததுனால இல்ல. அது அதுக்கு முன்னாடியே போயிருச்சு."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் ஸ்லைடில் இல்லாத ஒன்றை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிறவர்களை நிற்கவைத்துத் திட்டுகிறவர். குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல் சொன்னார்.

ஏழுமலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு விட்டான். கையெடுத்துக் கும்பிட்டான். இரண்டு படி இறங்கிவிட்டான். பிறகு நின்று திரும்பினான்.

"பாய் அன்னிக்கிக் கேட்டாரு, சீவின துண்டு எங்கனு. நான் அத்த அடுப்புல போடாம வெச்சிருந்தா... நீங்க அளந்து பாத்திருப்பீங்க. எவ்ளோ ஆழம்னு அவ கையிலயே காட்டி இருப்பீங்க. அவளும் சரின்னு இருப்பா. இல்ல?"

அவன் பேசாத ஆள். ஆனால் இத்தனை மாதமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நினைத்து நினைத்துச் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சொல்ல முடியாதுப்பா" என்றார் டாக்டரம்மா.

நாங்கள் கான்டீனில் உட்கார்ந்து கிண்டல் செய்த அதே வார்த்தை. ஆனால் அன்று அவர் அதைச் சொன்ன மாதிரி நான் கேட்டதில்லை. ஏழுமலை தலையை ஆட்டினான். படியிறங்கிப் போனான். டாக்டரம்மா தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வைத்த அடுத்த ஸ்லைடை அன்று பார்க்கவே இல்லை.

நித்யா, கன்னியம்மாவின் பிளாக் பீரோவில் மேலிருந்து மூன்றாவது இழுப்பறை, இடது ஓரம். எடுத்து உங்கள் புது மார்க்கரைப் போட்டுப் பாருங்கள். அந்தக் கட்டிக்கு இன்றைக்கு மாத்திரை இருக்கிறது என்றுகூட உங்கள் மெஷின் சொல்லலாம். சொன்னால் எனக்கு ஒரு போன் போடு அம்மா, எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் தெரிந்துகொள்கிறேன். பிளாக்கை வெளிச்சத்தில் பிடித்தால் கீழே கறுப்பாக ஒரு நூல் தெரியும். அதற்கு மேலே வெறும் மெழுகு.